இயந்திரத்தில் இல்லாத கோளாறு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டிச் சொன்னால் நாக்கு அழுகிப் போகட்டும். குறைத்துச் சொன்னால் மிச்சமிருக்கும் நாலு பல்லும் உதிரட்டும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நம்புகிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், போனவர்கள் எப்படியும் திரும்பி வருவார்கள்.

பென்சில் என்று ஓர் இன்ஜினியர் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டுதான். ஆனால் காது கேளாதவர்கள் கூட்டத்தில் அது செல்லாது. அங்கே பேரை வாயால் வைப்பதில்லை, கையால் வைப்பார்கள். ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதுதான் பேர். ஒருமுறை வைத்துவிட்டால் மாற்ற முடியாது. மாற்றச் சொல்லிக் கேட்பதும் மரியாதை இல்லை. இவர் எந்நேரமும் காதில் பென்சில் செருகியிருப்பார். "கேக்கத்தான் லாயக்கில்ல, இதையாவது தாங்கட்டுமே" என்பது அவர் கட்சி. ஆகவே காதோரம் ஒரு விரலைச் செருகிக் காட்டினால் அவர். காது கேளாதவர் சங்கத்துக்குத் தலைவராக இருந்த தையல்காரரின் பேர் மீசை. அவர் மீசையை மழித்துப் பல வருஷம் ஆகி, மூக்குக்குக் கீழே பீங்கான் தட்டு மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். பேர் மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது.

பென்சிலின் உயிர் நண்பருக்கு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்க வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எதையோ பொறுக்குவது போலக் காட்டினால் அவர். காது கேட்கிறவர்கள் யாராவது அதை வாயால் சொல்லப் போனால் 'பொறுக்கி' என்று வரும், அடிதடியில் முடியும். ஆகவே நாம் அவரை அச்சுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். இவர்களெல்லாம் கையால் பேசியதை இங்கே வாயால் பேசியது போலத்தான் எழுத வேண்டியிருக்கிறது. கைப்பேச்சைப் போட ஈயத்தில் எழுத்து இல்லை.

பென்சிலுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல், போகும்போது காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கையால் பேசினால் அடி. அந்த அடியைப் பங்கு போட்டு வாங்கியதில்தான் அச்சுக்காரரோடு சிநேகம். படித்து முடித்ததும் பென்சிலுக்கு வேலை கிடைத்த இடம் டெலிபோன் ஆபீஸ். காது கேளாதவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் அந்த ஆபீஸ் மேலாளரைப் பார்த்ததில்லை. "மத்தவனெல்லாம் ரிப்பேர் பண்றேன்னு சொல்லிட்டு ஊரார் பேச்ச ஒட்டுக் கேக்கறான். இவன் ஒருத்தன்தான்யா யோக்கியன்" என்று முதல் நாளே வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்.

பென்சில் கம்பியைப் பல்லில் கடித்தே பழுது சொல்வார். அதிர்கிற அதிர்வில், பேசுவது மாமியாரா மருமகளா என்று தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தால் நியாயம் யார் பக்கம் என்றும் தெரியும். ஆனால் ஊரில் அத்தனை வீட்டுக்கும் கம்பி இழுத்துக் கொடுத்தவருக்குத் தன் வீட்டில் ஒன்று வைத்து என்ன பயன்? அவருக்கு அச்சுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் சட்டையை மாட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்கு நடக்க வேண்டும். போனால் வீடு பூட்டியிருக்கும். அதே நேரம் அச்சுக்காரர் இவர் வீட்டு வாசலில் நின்று இவர் வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சீட்டு எழுதி நீட்ட வேண்டும். அவர் படித்துவிட்டுத் தலையாட்டுவார். தலையாட்டியது சரி என்பதற்கா, பிறகு பார்க்கலாம் என்பதற்கா என்று டாக்டர் வந்தால்தான் தெரியும்.

இதற்கு ஒரு வழி செய்தார் பென்சில். தந்தி ஆபீஸில் கழித்துப்போட்ட தட்டச்சு இயந்திரங்கள் இரண்டை எடுத்து வந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி செய்தார். டெலிபோனை எடுத்து அந்தப் பெட்டிமேல் படுக்க வைக்க வேண்டும். இந்தப் பக்கம் ஓர் எழுத்தைத் தட்டினால் அது சத்தமாக மாறிக் கம்பியில் ஓடும். அந்தப் பக்கத்துப் பெட்டி அந்தச் சத்தத்தைப் பிடித்து மறுபடி எழுத்தாக்கிக் காகிதத்தில் அடிக்கும். மணி அடிப்பதற்குப் பதில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒன்றைத் தன் வீட்டிலும் இன்னொன்றை அச்சுக்காரர் வீட்டிலும் வைத்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது. முதல் இயந்திரத்தை வாயாடிக்குக் கொடுக்கக்கூடாது. அச்சுக்காரர் பகலெல்லாம் ஊரார் எழுதியதைக் கோத்துக் கோத்துத் தன் பேச்சு முழுவதையும் உள்ளே சேர்த்து வைத்திருந்தவர். இயந்திரம் கிடைத்ததும் மடை திறந்துகொண்டது. தன் முதலாளி, முதலாளியின் மூலம், மூலத்துக்கு அவர் செய்துகொள்ளும் வைத்தியம் என்று ஒன்று விடாமல் அடிப்பார். ஒரு சாயங்காலம் பென்சில் வீட்டில் காகிதம் மேஜையிலிருந்து இறங்கி, மாடிப்படி வழியாகத் தெருவுக்குப் போய், முனைக் கடை வரை நீண்டுவிட்டது. தெருக்காரர்கள் இருபக்கமும் நின்று வாசித்தார்கள். கடைசியில் நின்றவர், "மூலம் ஆறிடுச்சா இல்லையா, அதுக்குள்ள காகிதம் தீந்துபோச்சே" என்று மாடியேறி வந்து விசாரித்தார்.

இருந்தாலும் இயந்திரம் இயந்திரம்தான். சங்கத்தில் பார்த்தவர்களெல்லாம் மயங்கிப் போனார்கள். மேலாளரும் மனம் இளகி, "உங்க சங்கம் இது ஒழுங்கா வேல செய்யுதுன்னு சொல்லட்டும். நாப்பது வீட்டுக்கு லைன் ஒதுக்கறேன். உங்க மாசக் கூட்டத்துல முடிவு சொல்லணும், இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்றார். நாற்பது வீட்டுக்காரர்களும் மேஜைக்கு இடம் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போது வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. பென்சிலின் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. அவருக்கும் காது கேட்காது. அன்றைக்கு அவருக்குப் பணி இருந்தது. பென்சில் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துச் சாய்ந்தார். கண் சொருகுகிற நேரம், விளக்கு மினுக்கியது.

உலகத்தில் காது கேளாத எந்த மனிதருக்கும் அதுவரை வராத ஒரு சோதனை அது. நேரில் வந்து நிற்கிறவரை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு விளக்கை இல்லை என்று சொல்லலாம். யார் என்று பென்சிலுக்குத் தெரியும். எழுந்தால் பொழுது சாய்ந்துவிடும் என்றும் தெரியும். கொடியில் கிடந்த துண்டை உருவி விளக்கின் மேல் போட்டார். திரும்பிப் படுத்தார்.

அந்தப் பக்கம் அச்சுக்காரர் தரையில் கிடந்தார். அவர் மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். பல்பு மாற்ற முக்காலிமேல் ஏறியவர் சறுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. கையை ஊன்றி இழுத்துக்கொண்டே மேஜைவரை வந்து, இயந்திரத்தைக் கம்பியோடு கீழே இறக்கி, கூப்பிட்டுப் பார்த்தார். அவர் மனைவி வீடு திரும்பும்போது வெயில் போயிருந்தது.

மறுநாள் செய்தி தெரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய பென்சில், வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த அச்சுக்காரர் இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இரண்டு கையையும் தூக்கினார்.

"வந்துட்டியா. நல்லாத்தான் இருக்கியா நீ?"

"நான் நல்லா இருக்கேன். நீதாண்டா விழுந்திருக்க."

"அது சரி. நீ எடுக்கலன்னதும் உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சிட்டேன். நெஞ்சு வலியோ என்னவோன்னு. காலு வலிக்குதுன்னு ஒரே ஒரு வரிதான் அடிச்சேன். அப்புறம் பூரா, எந்திரிடா, என்னடா ஆச்சு, தண்ணி குடிடான்னுதான். யாரும் எடுக்காத போனுக்கு அடிச்சு என்ன பிரயோஜனம், ஆனா கை நிக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார். "லைட் எரியலையா?"

காது கேளாதவர் பாஷையில் விளக்கு எரிந்தது என்று சொல்ல, மூடிய கையை விரிக்க வேண்டும். விரிக்காமல் ஆட்டினால் எரியவில்லை என்று ஆகிவிடும். பென்சில் கையைத் தூக்கினார். விரிப்பதற்குத்தான் தூக்கினார். கை விரியவில்லை.

கட்டிலின் அந்தப் பக்கம் மீசை உட்கார்ந்திருந்ததை அவர் அப்புறம்தான் பார்த்தார். கையால் பேசுகிறவர்களுக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பேச்சு எட்டும்.

"அப்ப மெஷின்ல கோளாறு" என்றார் மீசை. "நாப்பது வீட்டுல நாப்பது பேரு காலு உடையறதுக்கு முன்னாடி தெரிஞ்சதே, அதுவே புண்ணியம். கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சுச் சரி பண்ணு. இல்லன்னா கூட்டத்துல வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுவேன்."

"அவன திட்டாதீங்க" என்றார் அச்சுக்காரர் படுத்தபடியே. "ராவும் பகலும் உக்காந்து செஞ்சவன். மனசு ஒடிஞ்சிடுவான்."

அன்றிலிருந்து பென்சில் இல்லாத கோளாறைத் தேட ஆரம்பித்தார். தேடுகிற மாதிரி நடித்தார் என்று சொல்வதே சரி. ஆனால் நடிப்பும் ஒரு வேலைதானே. ஒரு திருகாணியைத் தளர்த்திவிட்டு, 'இதோ, இதுதான் தளர்ந்திருந்தது' என்று மீசையிடம் காட்டிவிடலாம் என்று பார்த்தார். தளர்த்தினார், விளக்கு மினுக்கியது. திருகாணியையே கழற்றினார், மினுக்கியது. ஒரு கம்பியை உருவினார், இன்னொன்றையும் உருவினார். பாதி இயந்திரம் மேஜையில் பரப்பிக் கிடக்க, மீதிப் பாதி நன்றாக மினுக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு ஒழுங்காகச் செய்து தொலைத்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கைவேலை மேல் அவருக்கு வெறுப்பு வந்தது.

மனைவி வேலை முடிந்து வந்து, குவிந்து கிடந்த சாமான்களைப் பார்த்தார்.

"கோளாறு கிடைச்சுதாங்க?"

"தேடிட்டிருக்கேன்."

"துணி அலமாரியில பாத்தீங்களா?"

பென்சில் நிமிர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் விளக்கின் மேலிருந்த துண்டை எடுத்து, ஆஸ்பத்திரி மடிப்பாக மடித்து, அலமாரியில் வைத்தது இந்தம்மாள்தான். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் அப்போதே முடிந்திருக்கும்.

பதில் சொல்ல முடியாத காது கேளாத கணவனுக்கு ஒரே ஒரு வழி உண்டு. பென்சில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கண்ணை மூடியவரிடம் யாராலும் பேச முடியாது. நாலு கதவையும் தாழ் போட்ட வீடு மாதிரி. மனைவி எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு வாசனை வந்ததும் பென்சில் கண் திறந்தார். மனைவி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"ஆஸ்பத்திரியில உங்க சிநேகிதரு மருந்து குடிக்கறதுக்கு நடுவுல என்னைக் கூப்பிட்டு, 'அவனுக்கு ஒழுங்கா சாப்பாடு போடுங்க, மெஷின் கவலையில இளைச்சுட்டான்'னு சொல்றாரு. நான் மூஞ்ச எங்க வெச்சுக்கறது?"

மாசக் கூட்டம் வந்தது. சங்கத்து அறையின் விளக்குகளை இரண்டு முறை அணைத்துப் போட்டு எல்லாரையும் தன் பக்கம் திருப்பினார் மீசை. விஷயத்தை விளக்கினார். அச்சுக்காரர் ஊன்றுகட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்து, கட்டையை அக்குளில் இடுக்கியபடி, இரண்டு கையாலும் பேசினார். எலும்பு கோணலாகத்தான் சேர்கிறது. இனி நொண்டல்தான் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

"பிறந்த பிள்ள முதல் நாளே ஓடுமா? ஒரு நாள் எரியல, அவ்வளவுதானே. கால் போனவன் நான். எனக்கே வருத்தமில்ல, உங்களுக்கு என்னய்யா? கோளாறோடவே எனக்குக் குடுங்க, எழுதி வாங்கிக்கறேன்."

"உனக்குச் சிநேகிதன்" என்றார் மீசை. "மத்தவங்களுக்கு? டாக்டர்ன்னு நம்பிக் கூப்பிட்டு விளக்கு எரியாம போச்சுன்னா? வேண்டாங்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு வரிசை வரிசையாக. மேஜைக்கு இடம் பார்த்து வைத்தவர்களின் கைகள். அச்சுக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பென்சில் எழுந்து மேடைக்குப் போனார். கால்கள் நடந்த வேகத்தைப் பார்த்தால் அவரைக் கேட்டுக்கொண்டு போனதாகத் தெரியவில்லை.

"விளக்கு எரிஞ்சுது" என்றார். விரல்கள் ஒன்றில் ஒன்று தடுக்கின; கையால் பேசுகிறவருக்கு அதுதான் திக்குவாய். மறுபடி சொன்னார். "எரிஞ்சுது. நான் பாத்தேன். அவன்தான்னும் தெரியும். பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டான்னு, துண்ட எடுத்து மேல போட்டேன். மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. போட்டுட்டுத் தூங்கினேன். நல்லாவே தூங்கினேன்."

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

கடைசி வரிசையில் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி எழுந்தார். "அந்தத் துண்டு மெஷினோட சேத்துத் தருவீங்களா, நாங்களே வாங்கிக்கணுமா?"

அறையே சிரிப்பில் குலுங்கியது. "எங்க அண்ணி கூப்பிட்டா மட்டும் தானா மூடிக்கற துண்டு கிடைக்குமா?" என்றார் இன்னொருவர். வேண்டாம் என்று எழுந்த கைகளெல்லாம் வேண்டும் என்று ஆகிவிட்டன. நாற்பது வீடு என்று இருந்த பட்டியலில், டாக்டர் வீடும் மருத்துவச்சி வீடும் உட்பட மேற்கொண்டு ஆறு வீடு சேர்ந்தது. மீசை, இல்லாத மீசையைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பென்சில் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் பார்த்தது அச்சுக்காரரை. அச்சுக்காரர் கண்ணை மூடியிருந்தார். 'நல்லாவே தூங்கினேன்' என்ற இடத்தில் மூடியது. பென்சில் எதிரில் போய் நின்று மன்னிச்சிடு என்றார். மூடிய இமைகளுக்கு முன்னால் அதை எத்தனை முறை சொன்னாலும் காற்றைத் துழாவுவதுதான். அச்சுக்காரரின் மனைவி வந்து கணவரைக் கைபிடித்து அழைத்துப் போனார். கண் மூடியபடியே, கட்டையை ஊன்றிக்கொண்டு, இரண்டு தெரு முக்கைத் தாண்டி, ஒரு பேருந்துக்கு வழிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார் அவர்.

இயந்திரங்கள் வீடு வீடாகப் போயின. பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு நேரத்தோடு மருத்துவச்சி வந்தாள். வெளியூருக்கு வேலைக்குப் போன மகன் அம்மாவிடம் தினமும் சாப்பிட்டாயா என்று கேட்டான். தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் பென்சிலின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேலாளர் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். ஒவ்வொரு பாராட்டும் அவருக்குத் திருடிய சாமானைக் கையில் கொடுத்தது போல இருந்தது. அவர் வீட்டு விளக்கும் ஓயாமல் மினுக்கியது. ஓடிப் போய் எடுப்பார். யார் யாரோ. அச்சுக்காரர் மட்டும் இல்லை.

தினமும் அச்சகத்துக்குப் போய் நின்றார். இவர் நிழல் விழுந்ததும் அச்சுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, தடவியே எழுத்துக் கோத்தார். பிழையே வரவில்லை, வேகமும் ஒன்றரை மடங்கு கூடியது. முதலாளி பென்சிலைத் தனியாக அழைத்துக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'இன்னும் ஒரு வருஷம் சமாதானம் ஆகாமப் பாத்துக்குங்க சார்.'

ஒருநாள் பென்சிலுக்கு ஒரு யோசனை. தடவியே எழுத்து அறிகிறவருக்கு மன்னிப்பை எழுத்தெழுத்தாகக் கையில் கொடுத்துவிட்டால்? குழி குழியாக எழுத்துகளைப் பிரித்து வைத்த பலகையிலிருந்து ஈய எழுத்துகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக அச்சுக்காரரின் உள்ளங்கையில் வைக்கப் போனார். எந்தக் குழியில் எந்த எழுத்து என்று அவருக்கு என்ன தெரியும்? எடுத்ததைப் பார்த்து, இது இல்லை என்று கண்ட குழியில் போட்டு, அடுத்ததைத் துழாவி, அவசரத்தில் முழங்கை பட்டு, பலகை முழுவதும் தரையில் கொட்டியது. ஆயிரக்கணக்கான எழுத்துகள். தரை அதிர்ந்தது காலுக்குத் தெரிந்தது.

அச்சுக்காரர் கண் திறந்தார்.

"அடப்பாவி. காலத்தான் உடைச்ச, சரி போகட்டும். எழுத்தையுமா கலைக்கணும்?"

"மன்னிச்சிடுடா" என்றார் பென்சில், அவர் மறுபடி மூடுவதற்குள்.

"மாட்டேன். கீழ உக்காந்து பொறுக்கு."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் காலை நீட்டி, ஒருவர் மடக்கி. கை இரண்டும் வேலையில் இருந்ததால் பேச்சு இல்லை. சாயங்காலம் ஆகும்போது அச்சுக்காரர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"என் பேச்சு அவ்வளவு அறுவையா?"

பென்சில் யோசித்தார். "ஆமா."

"இல்லன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல."

"ஒரு பொய் சொல்லித்தாண்டா இங்க உக்காந்து பொறுக்கறேன்."

அச்சுக்காரர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். பென்சில் பிடித்துத் தூக்கிவிட்டார். அச்சுக்காரர் அவர் தோளில் சாய்ந்து, தேவைக்கு மேல் பாரத்தைப் போட்டுத்தான் வீடுவரை நடந்தார். மன்னித்துவிட்டாரா என்று பென்சில் கடைசிவரை கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டுக்குப் பின் பென்சில் தூங்கியதில்லை. விளக்குக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சரியாகக் கண் சொருகும் நேரத்தில் அது மினுக்கும். காகிதத்தில், 'ஒண்ணுமில்ல, சும்மா பாத்தேன்' என்று வரும். பென்சில் 'இருக்கேன்' என்று அடிப்பார். அதற்கப்புறம் காகிதம் முனைக் கடை வரை போகும்.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஆனால் அந்த ஊருக்கு முதல் டெலிபோன் கம்பம் நடப்பட்டது என்னவோ, பென்சில் இறந்து பல வருஷம் கழித்துத்தான்.